சக்கரை தூவாத முன்தட்டு

இன்று காலை எங்கள் தெருமுனைப் பட்டறையில் ஃபைபர் பூச்சை இறுகவைக்கும் ஹார்டனர் கேனைத் திறந்திருக்கிறார்கள். அங்கே இப்போது குளியலறைக்கு ஃபைபர் கதவு செய்கிறார்கள். பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மூக்கைச் சுரண்டுகிற அந்த வாடை உனக்குப் பிடிக்கவே பிடிக்காது. "எலி செத்து, அதும்மேல சென்ட் அடிச்சாப்ல கீதுப்பா" என்பாய். வாயில் நுரையோடு நின்ற என்னைப் பார்த்து என் மகள், "மயக்கமா வருதாப்பா?" என்று கேட்டாள். அவள் நர்ஸ். யார் சும்மா நின்றாலும் அவளுக்கு மயக்கம்தான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, அவளுடைய நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. எழுதியிருந்தாலும் உனக்குப் படிக்க வராது. யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லியிருப்பாய், பாதியில் "போதும்பா, நேர்ல வந்தா சொல்லிக்கட்டும்" என்று நிறுத்தியும் இருப்பாய். நேரில் சொல்ல வேண்டியதைத்தான் நான் சொல்லாமலே விட்டேன். இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்தால், எந்த முனையைப் பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை. படகிலிருந்தே தொடங்குகிறேன்.

கடலூர் துறைமுகத்தில் ஆறு வருடம் ஃபைபர் படகு வேலை பார்த்துவிட்டு, அப்பா இறந்த பிறகு நான் வடக்கனந்தலுக்கே திரும்பி வந்திருந்தேன். ஊரில் படகுக்கு எங்கே போவது? ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மலையடிவாரத்து அணையில் இருந்த ஒரே ஃபைபர் படகு பழுது என்று ஆள் விட்டார்கள். வந்து பார்த்தால் படகுக்குள் நீ படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். கரும்பு வெட்டி, சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கி, கடைசியில் தினக்கூலிக்குப் படகு ஓட்ட வந்தவன் நீ. உனக்கும் எனக்கும் ஒரே வயது. "எங்க பழுது?" என்று கேட்டேன். ஒரு வாளித் தண்ணீரை முன்தட்டில் ஊற்றி, அதன்மேல் ஒற்றைக் காலில் நின்று காட்டினாய். அடுத்த நொடி பின்பக்கம் அடிபட உட்கார்ந்துவிட்டாய். "பாத்துக்க. இதான் கம்ப்ளெய்ண்ட்" என்றாய், எழுந்திருக்காமலே.

முன்தட்டு என்பது படகின் மூக்குப் பக்கம் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இருந்த மேடை. கரை நெருங்கியதும் நீ இன்ஜினை அணைத்துவிட்டு ஓடிவந்து அதன்மேல்தான் நிற்பாய், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரைக்குத் தாவுவாய். படகு புதிதாக வந்தபோது அந்தத் தட்டு முழுக்க அரிசிக் குருணை ஒட்டினாற்போலச் சொரசொரப்பு இருந்ததாம். மீன்கூடையும் நங்கூரக் கல்லும் இழுபட்டு இழுபட்டு அது தேய்ந்துவிட்டது. நடுவே சிலந்தி வலை போல விரிசலும் விட்டிருந்தது.

விரிசலை அடைப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. அதைத் தோண்டித் திறந்து, வெயிலில் காயவிட்டு, ரெசின் என்கிற பிசினை ஊற்றி, நார்த்துணி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். அதன்மேல் ஜெல்கோட் பூச வேண்டும். படகுக்கு மேல்தோல் மாதிரி இருக்கும் கெட்டியான பூச்சு அது. பூசினால் கண்ணாடிபோல மின்னும். அந்த மினுக்கைப் பார்த்துத்தான் கடலூரில் என்னைக் கெட்டிக்காரன் என்பார்கள். உனக்கு அதைக் கண்டாலே ஆகாது. "மூஞ்சி பாக்கவா தட்டு? காலு நிக்கோணும்ப்பா" என்றாய்.

சொரசொரப்பை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று நாம் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். கடலூரில் அதற்கென்று அச்சு இருந்தது. இங்கே எதுவும் கிடையாது. பின்பக்கத்துப் பலகையில் சாண் சாணாகப் பூசிப் பார்த்தோம். ஈரப் பூச்சின்மேல் சாக்கை வைத்து அழுத்தினேன், சாக்கு அங்கேயே ஒட்டிக்கொண்டு நார் நாராக வந்தது. ஆற்று மணலைத் தூவினேன், உன் உள்ளங்கால் கிழிந்தது. "இது நடக்கறதுக்கா, தேங்கா துருவறதுக்கா?" என்று கேட்டாய். உப்பைத் தூவினேன், அது ஈரம் இழுத்துக்கொண்டு பூச்சையே வெளுத்துப்போகச் செய்தது. நான் கையை விரித்துவிட்டேன். அப்போதுதான் நீ சொன்னாய்.

"சக்கர போட்டா இன்னா?"

"ஏன், ஏலக்காயும் போடலாமே."

"ஆலைல மூட்ட தூக்கினவன் சொல்றேன், கேளு. நம்ம ஊரு சக்கர மணி மணியா இருக்கும். ஈரத்துல தூவு. காஞ்சப்புறம் தண்ணி ஊத்தித் தேச்சா சக்கர கரஞ்சி பூடும், அது இருந்த குழி நின்னுக்கும். குழி நின்னா காலும் நின்னுக்கும்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே செய்தேன். பூசி, சர்க்கரை தூவி, காற்றுப் பட்டால் பிசுபிசுப்பு போகாது என்பதால் மேலே பாலித்தீன் தாளைப் போர்த்தி வைத்தேன். மறுநாள் தாளை எடுத்துவிட்டுக் கழுவினால், அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக நின்றன. நீ காலைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் வைத்துத் திருகிப் பார்த்தாய். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் திருகினாய். "கண்ணு ஏமாறும்பா. காலு ஏமாறாது" என்றாய். இரண்டு நாள் அந்தப் பலகை முழுக்க எறும்பு. அதை ஊதி ஊதி நாம் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் கேட்கிறது. நான் ஆறு வருடம் வெளியூரில் கற்றுவந்த தொழிலில் எனக்குத் தெரியாத ஒன்றை நீ கண்டுபிடித்தாய். அதை ஒருநாள்கூட வெளியில் யாரிடமும் நான் சொல்லவில்லை. என் யோசனை என்றுதான் சொன்னேன்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். படகில் இருக்கும்போது நீ என்னை "இன்னாப்பா" என்பாய். அணைக்கரை தாண்டி, டீக்கடை வந்து, என் ஊர்க்காரர் யாராவது நின்றால், "வாங்க, போங்க" ஆகிவிடும். நான் உன்னை அப்படிச் சொல்லச் சொன்னதில்லை. சொல்லாதே என்று தடுத்ததும் இல்லை. டீக்கடையில் உனக்குத் தனி டம்ளர். நான் அதைப் பார்க்காதவன்போல பேப்பர் படிப்பேன்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் போராடிய வருடம் அது. ஊருக்கு ஊர் கூட்டம், சுவரெல்லாம் எழுத்து. புரட்டாசி பிறந்ததும் ஒரு வாரம் சாலை மறியல் என்று முடிவாகியிருந்தது. கோரிக்கை தவறு என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஏர் பிடித்தே தேய்ந்த குடும்பம் எங்களுடையது. என் பெண் அப்போது கைக்குழந்தை. அவள் படிக்க வேண்டும் என்று எனக்கு வெறி இருந்தது. உன்னிடம் அதைச் சொன்னபோது நீ, "கேளுங்கப்பா. கேக்காம எவன் குடுப்பான்?" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ரோட்ட அடச்சா மொதல்ல மாட்டறது எங்கள மாதிரி ஆளுங்கதான். அத மட்டும் உங்காளுங்ககிட்ட சொல்லு" என்றாய். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அந்த நாட்களில் சில ஊர்களில் குடிசைகள் எரிந்ததாகப் பேச்சு வந்தது. உன் வீட்டுக்காரி துணிமணியை மூட்டை கட்டி வாசல் பக்கத்திலேயே வைத்திருந்தாள் என்று நீதான் சொன்னாய். சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறியல் தொடங்கினால் கடலூரிலிருந்து டப்பா எதுவும் வராது. கையில் ஒரே ஒரு ஜெல்கோட் டப்பாதான் மிச்சம். முன்தட்டுக்கு அது சரியாகப் போதும். மலையில் மழை வலுத்து அணைக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அக்கரையில், மலையடியில், ஏழெட்டு வீடு இருந்தது. அவர்களுக்கு வண்டிப் பாதை அணையைச் சுற்றிக்கொண்டு வந்து கள்ளக்குறிச்சி சாலையில்தான் சேரும். சாலை அடைபட்டால் அவர்களுக்குப் படகு ஒன்றுதான் வழி. அதனால் மறியலுக்கு முந்தின நாளே முன்தட்டை முடித்துவிட வேண்டும் என்று நீதான் அவசரப்படுத்தினாய்.

மத்தியானம் தாண்டி வேலையைத் தொடங்கினோம். வானம் மூடிக்கொண்டிருந்தது. ஹார்டனரைக் கலந்துவிட்டேன். கலந்துவிட்டால் கால் மணி நேரம்தான், பிறகு இறுகத் தொடங்கும். பாதி பூசிய பிறகு சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்தால், ஈரத்தில் ஊறி ஒரே கட்டியாகக் கிடந்தது. நான் திட்டினேன். "நீ பூசிக்கினே இரு, டீக்கடைல வாங்கிக்கினு ஓடியாறேன்" என்று சொல்லிவிட்டு நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையேறி ஓடினாய். டீக்கடைக்குப் போய்வரப் பத்து நிமிடம் ஆகும்.

நான் பூசி முடித்து தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டிராக்டர் வந்தது. என் மாமாவும் எங்கள் தெரு ஆட்கள் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். கோடாரி, ரம்பம், கயிறு எல்லாம் இருந்தது.

"வூட்டுக்கு ஒருத்தன் வரணும்னு பேசியாச்சு. நீ இங்க படகுக்கு மை பூசிக்கினு கீறியா? ஏறுடா."

"பத்து நிமிசம் மாமா. வேல பாதில நிக்குது."

"இன்னா பாதி? அதான் பளபளன்னு முடிச்சிட்டியே."

"இல்ல மாமா..."

"யாருக்காகடா நிக்கற?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். உனக்காக நிற்கிறேன். சர்க்கரை வாங்கப் போயிருக்கிறான், வரட்டும், தூவிவிட்டு வருகிறேன். இதைச் சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? ஆனால் உன் தெருவுக்காரன் ஒருவனுக்காக என் ஊரே டிராக்டரில் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கம் என்று அப்போது யோசிக்கவில்லை. தூறல் விழ ஆரம்பித்தது. கை பழக்கத்தில் பாலித்தீன் தாளை எடுத்து ஈரப் பூச்சின்மேல் போர்த்தி, நான்கு மூலையிலும் கல் வைத்தேன். டிராக்டரில் ஏறிவிட்டேன்.

தாள் போர்த்திவிட்டால் நான் வந்து எடுக்கிறவரை விரல்கூட வைக்கக்கூடாது என்று உன்னிடம் நூறு தடவை சொல்லியிருந்தவன் நான்தான். நீ திரும்பி வந்து பார்த்திருப்பாய். தாள் போர்த்தியிருக்கிறது, நான் இல்லை. கட்டியை உடைத்துத் தூவியிருப்பான் என்று நினைத்திருப்பாய். என் சொல்லை மதித்து நீ அதைத் தொடவில்லை. அந்த ஒரு நாளாவது மதிக்காமல் இருந்திருக்கலாம்.

அணையிலிருந்து வருகிற சாலையில் பெரிய புளியமரம் ஒன்று இருந்தது. அதை நான்தான் வெட்டினேன். ரம்பம் பிடிக்கத் தெரிந்தவன் என்று என்னை முன்னால் விட்டார்கள். முதல் வெட்டும் நான், கடைசி வெட்டும் நான். மரம் சாய்ந்து சாலைக்குக் குறுக்கே விழுந்தபோது எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். என்னை ஊர் ஒரு ஆளாக மதித்த நாள் அது. தட்டு நினைவு வந்தது. நாளைக்குப் போய்த் தேய்த்துவிட்டு மறுபடி பூசலாம் என்று நினைத்துக்கொண்டேன். பூசுவதற்கு டப்பா இல்லை என்பதும் தெரிந்துதான் நினைத்தேன்.

மறுநாள் போகவில்லை. மரத்தடியில் காவலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அதற்கடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் மலையில் நல்ல மழை. பத்து மணி இருக்கும். அணைப் பக்கமிருந்து நான்கு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். கட்டிலில் தலையில் துண்டு கட்டிய ஆள். துண்டு முழுக்கச் சிவப்பு.

என் மாமா குறுக்கே போய் நின்றார். "யாருடா அது? எந்தத் தெரு?"

"அணைல படகு ஓட்டறவருங்க. அக்கரைல புள்ளத்தாச்சிப் பொண்ணு ஒண்ணு, வலி வந்து துடிச்சிக்கினு இருந்துச்சிங்க. அவசரத்துல, தட்டுமேல போத்தியிருந்த தாள உருவிப் போட்டுட்டுப் போயி இட்டாந்து கர சேத்தாரு. கயிறு கட்டறப்ப வழுக்கி உழுந்து, நங்கூரக் கல்லு மேல தல மோதிக்கிச்சி. ஆளு போய்க்கினு கீறாருங்க. வழி வுடுங்க."

"யாரையும் வுட வோணாம்னு உத்தரவு."

"சாவற ஆளுங்க!"

இப்படிப் பேச்சு வளர்ந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது ஒரு நாள் மாதிரி இருந்தது. பிறகு நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டில் காலைப் பிடித்தேன். நெஞ்சு உயரத்துக்குக் கிடந்தது மரம். கிளைகளை வேறு வெட்டாமல் விட்டிருந்தோம், போலீஸ் வண்டி ஏறக்கூடாது என்று. கட்டிலைத் தலைக்குமேல் தூக்கி, கிளைகளுக்கு நடுவே சாய்த்துச் சாய்த்துக் கடத்தினோம். மரத்தின் மேல் கட்டில் நின்றபோது நீ கண்ணைத் திறந்தாய். என்னைப் பார்த்தாய். என்னைச் சுற்றி நின்றவர்களையும் பார்த்தாய்.

"காலு நிக்கலீங்க" என்றாய்.

பிறகு கேட்டாய், "அந்தப் பொண்ணு நல்லாக் கீதுங்களா?"

நல்லா இருக்கு என்று யாரோ சொன்னார்கள். உண்மையில் அவளுக்கு அந்த நேரம் அணைக்கரை ஷெட்டிலேயே பிள்ளை பிறந்துவிட்டிருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கட்டிலை மறுபக்கம் இறக்கியதும் நானும் கூடவே நடக்க ஆரம்பித்தேன். நாலடி போயிருப்பேன். "எங்கடா போற? உன் வேல முடிஞ்சிது, இங்க நில்லு" என்றார் மாமா. நான் நின்றேன். கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை, சொன்னார், நின்றுவிட்டேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இன்னும் நான்கு மரம் கிடந்தது. மூன்றாவது மரத்தைக் கடத்தும்போது நீ இறந்துவிட்டாய் என்றார்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் போக வேண்டிய தேவை இல்லாமல் போனது. வந்த வழியே திரும்பினார்கள். மத்தியானம் அதே கட்டில் என் மரத்துக்கு வந்தது, முகத்தை மூடி. இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை, எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். தூக்க ஆள் வேண்டுமா என்று கேட்கக்கூட நான் வரவில்லை. மரத்தின் வேர்ப்பக்கம் போய், ஒன்றுக்குப் போகிறவன்போலத் திரும்பி நின்றுகொண்டேன். கிளைகள் முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. உன்னை அடக்கம் செய்தபோதும் வரவில்லை. அந்த வாரம் உன் தெருவுக்குள் நான் கால் வைக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடியாதா, வரவில்லையா என்று இப்போது கேட்டால் வரவில்லை என்றுதான் சொல்வேன்.

மறியல் முடிந்து லாரிகள் ஓட ஆரம்பித்ததும் நான் முதலில் செய்த வேலை கடலூருக்குப் போய் டப்பா வாங்கி வந்ததுதான். பளபளப்பு முழுவதையும் கையாலேயே தேய்த்து எடுத்தேன். கை மூட்டெல்லாம் உரிந்தது. மறுபடி பூசி, சர்க்கரை தூவி, தாள் போர்த்தினேன். மறுநாள் தாளை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தபோது உன் வீட்டுக்காரி வந்தாள், உன் சட்டையையும் துண்டையும் எடுத்துப்போக. இடுப்பில் குழந்தை இருந்தது. இன்ஜின் பெட்டிக்குள் உன் சட்டைக்குக் கீழே ஒரு பொட்டலம் இருந்தது. நீ அன்று வாங்கி வந்த சர்க்கரை. பாதி கரைந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது.

அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தட்டையும் பார்த்தாள். குழிகளின் மேல் விரலால் தடவினாள். நீ வீட்டில் எல்லாம் சொல்லியிருக்கிறாய் போல, சர்க்கரை யோசனை உன்னுடையது என்று பெருமையாகச் சொல்லியிருப்பாய்.

"இப்ப போட்டுக்கிற மாதிரி அன்னிக்கே ஏங்க போடல?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஒரு நிமிடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு சொன்னேன்.

"சக்கர வர நேரமாயிடுச்சிம்மா. அதுக்குள்ள இறுகிப் போச்சி."

அவ்வளவுதான் சொன்னேன். நீ தாமதமாக வந்தாய் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிய வைத்தேன். "டீக்கடையில நின்னு பேசிக்கினு இருந்திருப்பாரு. எங்க போனாலும் நின்னுக்குவாரு அந்த மனுசன்" என்றாள். அப்போதுதான் அழுதாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

டீக்கடைக்காரரிடம் பிறகு ஒரு நாள் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "நிக்கவே இல்லீங்க. ஓடியாந்தாரு, சக்கரைய மடில கட்டினாரு, டீ குடின்னேன், வோணாம், இறுகிடும்னு சொல்லிக்கினே ஓடிட்டாரு" என்றார். எது இறுகிவிடும் என்று அவருக்குப் புரியவில்லையாம். என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

தனி ஒதுக்கீடு வந்தது. என் பெண் அதில்தான் நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கினாள். ஊரில் இனிப்புக் கொடுத்தேன். அவள் வேலை பார்ப்பது நீ போய்ச் சேராத அதே ஆஸ்பத்திரியில். அவள் சம்பளத்தில் சாப்பிடுகிறேன், அதில் எனக்குக் கூச்சம் இல்லை, அவள் படித்தது சரிதான். ஆனால் யாராவது அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசி, "நீங்களும் மரம் வெட்டினீங்களாமே" என்றால் எழுந்து போய்விடுகிறேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உன் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட எத்தனையோ தடவை கிளம்பியிருக்கிறேன். முதலில் பயம். மாமாவுக்கு, ஊருக்கு, போலீஸுக்கு. அதன் பிறகு வெட்கம். அதன் பிறகு, சொன்னால் அவளுக்கு என்ன லாபம் என்று ஒரு ஞாயம் பேசினேன். அவள் நாற்று நட்டு, களை பறித்து, உன் பெண்ணை வளர்த்தாள். எங்காவது எதிரில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களாங்க?" என்று கேட்பாள். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரிடமும் ஒரே கதைதான். நல்ல மனுசன், ஆனால் எதற்கும் நேரத்துக்கு வரமாட்டான், அதனாலேயே செத்தான். நான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு தடவை தலைகூட ஆட்டியிருக்கிறேன்.

போன மாதம் அவள் இறந்துவிட்டாள். உன் தெருவுக்குள் முதல் முறையாக நான் போனது அன்றைக்குத்தான். ஆண்கள் நின்ற பக்கம் நின்றேன். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. உள்ளே உன் மகள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். நல்ல குரல் அவளுக்கு. அப்போது இடுப்பில் இருந்த குழந்தை, உன் முகமே அவளுக்கு நினைவில் இருக்காது.

"சக்கரைக்குப் போனாரே அம்மா,
சாவகாசமா வந்தாரே,
வேளையோட வந்திருந்தா
வெறுங்கழுத்த நீ சொமப்பியா?"

சுற்றியிருந்த பெண்கள் அந்த வரியைத் திரும்ப எடுத்துப் பாடினார்கள். எல்லோருக்கும் அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. உன் வீட்டுக்காரி எத்தனை சாவில் அதைப் பாடியிருப்பாளோ, எத்தனை பேர் கேட்டுக் கற்றுக்கொண்டார்களோ. நான் ஒரு மத்தியானம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்ன ஒரு வரி அது. அந்தத் தெருவில் இனி எந்தப் பெண் உன்னை நினைத்து அழுதாலும் அதைத்தான் பாடி அழுவாள். உள்ளே போய் நிறுத்தியிருக்கலாம். பத்தடிதான் இருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன், பாட்டு முடிகிறவரை.

நீ வேளையோடுதான் வந்தாய். நான்தான் அங்கே இல்லை.